கொரியாவைப் பார்த்துச் சாய்ந்த பதியன்கள்

பிம்பாவின் கொட்டகையில் இருந்த கஞ்சாப் பதியன்கள் வெளிச்சத்தைப் பார்த்து வளரவில்லை, கொரியாவைப் பார்த்து வளர்ந்தன. நோங்சிம் ஊரில் இதை முதலில் கவனித்தவள் பக்கத்து வீட்டு லம்யாய் அக்கா. தாய்லாந்து அரசு தடையை நீக்கி, இனி யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கஞ்சா வளர்க்கலாம் என்று அறிவித்த ஆண்டின் மழைக்காலம் அது. மிளகாய் விலை விழுந்து கிடந்தது, மரவள்ளிக்கு லாரி வரவில்லை, அதனால் பூபான் மலையடியில் இருந்த எல்லா ஊர்களையும் போல நோங்சிம்மும் வாசல், கொல்லை, கோழிக்கூட்டின் கூரை என்று இடம் பார்க்காமல் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. ஊர்க் கூட்டுப் பண்ணைக்கு வேண்டிய இளஞ்செடிகளையெல்லாம் வளர்த்துத் தரும் வேலை பிம்பாவுடையது. அவள் தட்டுகளில் இருந்த செடிகள் அத்தனையும் ஒரே பக்கமாக, பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம் சாலை முனையை எட்டிப் பார்ப்பதுபோல, வடகிழக்கே சாய்ந்து நின்றன. தட்டைத் திருப்பி வைத்தால் மறுநாள் திரும்பிக்கொண்டன. விளக்கை மேற்கே மாட்டினால் விளக்குக்கு முதுகைக் காட்டின. மாவட்டத்திலிருந்து வந்த வேளாண்மை அதிகாரி மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டச் சொன்னார். ஒரு வாரத்தில் குச்சிகளும் சாய்ந்தன. அவர் மறுபடி வந்து பார்த்து, இது ரகத்தின் குணம் என்று முடிவு சொல்லி, பிம்பா வைத்த கோழிச் சாற்றை இரண்டு கிண்ணம் குடித்தார். சாற்றில் கஞ்சா இலை கிடந்ததால் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினார்.

வடகிழக்கே என்ன இருக்கிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. வடகிழக்கே மெக்கோங் ஆறு, அதற்கப்பால் லாவோஸ், இன்னும் பல தேசங்கள் தாண்டிப் போனால் கொரியா, அங்கே ஒரு பசுமைக்குடிலில் ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்த கம்ஸாய். பிம்பாவின் கணவன். தடை இருந்த காலத்திலேயே சமையலறைக்குப் பின்னால், எலுமிச்சைப் புல்லுக்கும் சித்தரத்தைப் புதருக்கும் நடுவில், சாற்றில் போடுவதற்கென்று ஒரு கஞ்சாச் செடியை மறைத்து வளர்த்தவன் அவன்தான். கிளம்பிப் போன காலையில் அரிசி கழுவிய நீரை அதன் வேரில் ஊற்றி, நுனி இலையைத் தடவி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பையைத் தூக்கினான். "போய்ட்டு வரேன்னு எங்கிட்டச் சொல்லலக்கா. செடிகிட்டத்தான் சொன்னான்" என்று பிம்பா அதற்குப் பிறகு பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது சிரிப்பாள். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் மூடாமல் சற்று நேரம் அப்படியே இருக்கும்.

அந்தச் செடி ஒரு பருவத்துச் செடி. இரவு நீள்கிறது என்று தெரிந்ததும் பூக்கும், பூத்தால் காயும், அதோடு முடிந்தது. ஆகவே பிம்பா அதைத் தெரிந்துகொள்ள விடவில்லை. இருட்டத் தொடங்கியதும் அதன் தலைக்கு மேல் ஒரு குண்டு விளக்கை ஏற்றிவிடுவாள். இன்னும் கோடைப் பகல்தான் என்று நம்பிக்கொண்டு செடி கிளைவிட்டபடியே இருந்தது. கம்ஸாய் கிளம்பிய வருடத்து இலைகளையே அது வருடா வருடம் விட்டது. ஊரில் மற்றவர்களின் கூரை துருவேறியது, குழந்தைகள் பள்ளி மாறினார்கள், கோவில் யானைச் சிலைக்கு இரண்டு முறை வண்ணம் அடித்தார்கள். அந்த விளக்குக்குக் கீழே மட்டும் அவன் கிளம்பிய நாளே நடந்துகொண்டிருந்தது.

தடை நீங்கியதும் அதுவே தாய்ச்செடி ஆனது. பிம்பா காலையில் கத்தியைச் சுடுநீரில் கழுவி, கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு கிளையை வெட்டுவாள். பெரிய இலைகளின் நுனியைப் பாதியாக நறுக்கிவிடுவாள், வேரில்லாத குச்சியால் அவ்வளவு இலையைத் தாங்க முடியாது. வெட்டுவாயைச் சோற்றுக்கற்றாழைச் சதையில் முக்கி, தேங்காய்நாரும் உமிக்கரியும் கலந்த கிண்ணத்தில் செருகி, பாதியாய் வெட்டிய தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்து மூடுவாள். அதற்குப் பிறகு உணவு கிடையாது. காலையும் மாலையும் புட்டியைத் தூக்கி, பனி மாதிரி நீர் தெளிப்பது மட்டும்தான். வேர் வராத அந்த நாட்களில் அதற்கு வாய் இலைதான். கிண்ணத்தின் ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகுதான் முதல் உணவு, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி மீன் அமிலம். வெளிறிய தேநீர் நிறத்துக்கு மேல் போகக் கூடாது. விதையிலிருந்து வரும் நாற்று வேறு சாதி, அது புதிதாகப் பிறந்த குழந்தை. பதியன் குழந்தை அல்ல, அது தாயேதான். தாய்க்கு என்ன வயதோ அதற்கும் அதே வயது. நேற்று வெட்டி வைத்த குச்சிக்குக்கூடக் கம்ஸாய் கிளம்பிய காலை ஞாபகம் இருந்தது.

பெண்களுக்கு இது புரிந்ததும் ஊரின் திசைகள் மாறிப்போயின. வேரில்லாத குச்சி யார் கையால் நீர் குடிக்கிறதோ அவர் மனதையும் சேர்த்துக் குடித்துவிடும் என்று லம்யாய் அக்காதான் கண்டுபிடித்தாள். அவள் ஒரு பதியனை வாங்கிப்போய்த் தன் கையால் தெளித்து வளர்த்தாள். அது அவள் மகன் வேலை பார்த்த தைவானைப் பார்த்துச் சாய்ந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். இஸ்ரேலுக்குத் தக்காளி பறிக்கப் போனவர்களின் வீட்டுச் செடிகள் மேற்கே சாய்ந்தன. பாங்காக்கில் டாக்சி ஓட்டுபவர்களின் வீட்டுச் செடிகள் காலையில் ஒரு விரல்கடை இந்தப் பக்கமும் மாலையில் ஒரு விரல்கடை அந்தப் பக்கமும் அசைந்தன. ரயோங் தொழிற்சாலையில் இரவு வேலை என்று சொல்லிப் போன ஒருவனின் மனைவி வைத்திருந்த செடி மட்டும் தெற்கே சாயாமல் கோவிலுக்குப் பின்னால் இருந்த நூடுல்ஸ் கடையைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் உலக்கையை எடுத்துக்கொண்டு செடி காட்டிய வழியில் நேராகப் போனாள். அந்த வாரம் கடை திறக்கவில்லை. இப்படி இரண்டு வருடம் நோங்சிம்மில் யாரும் தபாலுக்குக் காத்திருக்கவில்லை. தொட்டியைப் பார்த்துவிட்டு உலை வைத்தார்கள்.

பிம்பாவுக்கு ஞாயிறுதோறும் தொலைபேசியும் இருந்தது. கம்ஸாய் பேசுவான். பனி பற்றி, முதலாளியின் நாய் பற்றி, ஊறல் மீன் கிடைக்காத கொடுமை பற்றி. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இரண்டு அடி விசிலடிப்பான். இங்கே இருந்த காலத்தில் எருமை குளிப்பாட்டும்போது அடிக்கும் அதே மெட்டு. பிறகு ஒரு ஞாயிறு பேசவில்லை. அடுத்ததும் பேசவில்லை. எண்ணைப் போட்டால் ஒரு கொரியப் பெண்ணின் குரல் ஏதோ மரியாதையாகச் சொல்லிவிட்டு அணைந்தது. அனுமதிச் சீட்டு முடிந்த பிறகும் அங்கேயே ஒளிந்து வேலை பார்ப்பவர்களில் அவனும் ஒருவன் என்பதால் யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை. இப்போது அவன் உயிரோடு இருப்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி பதியன்களின் சாய்வுதான்.

அங்கேதான் பிம்பா தவறு செய்தாள். சாய்வு போதவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முன்பு நன்றாக வளைந்து நின்றவை இப்போது ஏனோதானோ என்று நிற்பதாகப் பட்டது. பலமில்லாமல்தான் சாயவில்லை, தெம்பு கொடுத்தால் தெளிவாகக் காட்டும் என்று நினைத்தாள். ஒரு கரண்டி மீன் அமிலம் இரண்டானது, பிறகு வாளியில் ஒரு சிரட்டை. அதோடு வௌவால் குகையிலிருந்து எச்சம் வாங்கிவந்து கரைத்தாள், கோழி எருவையும் சேர்த்தாள். வேர் எட்டிப் பார்க்காத குச்சிகளுக்குக்கூட ஊற்றினாள். செடிகள் முதலில் கருகருவென்று பச்சை ஏறின. அவளுக்குச் சந்தோஷம். அடுத்து இலை நுனிகள் தீயில் காட்டியதுபோல் காய்ந்தன, இலையின் விரல்கள் கீழ்நோக்கிப் பருந்து நகம்போல் மடங்கின. கடைசியில் ஒரு காலை தட்டில் இருந்த எல்லாச் செடிகளும் எந்தப் பக்கமும் சாயாமல், காவல் நிலையத்துக் கொடிக் கம்பம்போல் விறைப்பாக நின்றன. பிம்பா அதைப் பார்த்தாள். வாளியை எடுத்து இன்னொரு சிரட்டை கலக்கினாள்.

லம்யாய் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தபோது பிம்பா தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி குடுத்த இதுகளுக்கு?"

"மீன் அமிலம்தான்க்கா. கொஞ்சம் கூட."

"கொஞ்சமா? நாலு ஊருப் பூனை உன் வேலிக்கு வெளிய வந்து உக்காந்திருக்கு, பாத்தியா?"

"நேரா நிக்குதுக்கா. எந்தப் பக்கமும் சாயல. அப்படின்னா..." பிம்பா வாளியைக் கிட்டே இழுத்தாள். "இன்னும் கொஞ்சம் குடுத்தா சாயும்க்கா. பசிக்குது போல."

லம்யாய் அக்கா ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். ஈரத்தில் செங்கல்போல் கனத்தது. "இதுக்குப் பசி இல்லடி" என்றாள். "பசி உனக்கு."

அன்று இருவரும் தொட்டிகளையும் தட்டுகளையும் வெளியே இழுத்து, மழைநீர்ச் சாடியிலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றினார்கள். அடியில் வடிவது முதலில் கடுந்தேநீர்போல் வந்தது, பிறகு மங்கியது, சாடி பாதியானபோது தெளிந்தது. "இனிமே?" என்று பிம்பா கேட்டாள். "இனிமே ஒண்ணும் கிடையாது. கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காரு" என்றாள் அக்கா. அதுதான் பிம்பா தன் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை. செடிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. தாய்ச்செடி கீழ் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு உச்சியில் மட்டும் பச்சையாக நின்றது. பிழைத்த சில பதியன்கள் ஒன்றுமே கொடுக்காமல் விட்டதில் மெல்லப் புதுத் தளிர் விட்டன. அந்தத் தளிர்கள், குழந்தை கழுத்தைத் திருப்புவதுபோலத் திரும்பி, வடகிழக்கே சாய்ந்தன. பிம்பா கொட்டகைக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இருக்கிறான். அங்கேதான் இருக்கிறான். ஒட்டரிசிச் சோறு பொங்கி லம்யாய் அக்காவுக்கு ஒரு கூடை கொடுத்தனுப்பினாள்.

அறுவடை நெருங்கிய ஒரு காலையில், செடிகள் எல்லாம் வடகிழக்கே சாய்ந்து நிற்க, கம்ஸாய் தென்மேற்கிலிருந்து வந்தான். பாங்காக் பேருந்து அவனை மலைச் சாலையில் இறக்கிவிட்டிருந்தது. அந்த வெயிலில் பஞ்சு வைத்துத் தைத்த நீலக் கோட்டு போட்டிருந்தான். இளைத்துப் போயிருந்தான், முன்பல் ஒன்று இல்லை. பிம்பா முதுகைக் காட்டி நீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு செடிகளைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"நீ அங்கல்ல இருக்கணும்?" என்றாள்.

"வேணும்னா திரும்பிப் போகவா?" என்று கம்ஸாய் சிரித்தான். சிரிப்பு அந்தப் பல் இல்லாத இடத்தில் தடுக்கியது.

அவள் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு அவன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவன் சாப்பிடவில்லை.

சோதனைக்காரர்கள் வந்ததும் பசுமைக்குடிலிலிருந்து ஓடியது, ஓட்டத்தில் தொலைபேசி ஓடையில் விழுந்தது, மலையில் ஒரு பன்றிப் பண்ணையில் ஒளிந்திருந்தது, கடைசியில் அலுத்துப்போய்த் தானே அதிகாரிகளிடம் போய் நின்றது, அவர்கள் விமானத்தில் ஏற்றி அனுப்பியது எல்லாவற்றையும் அவன் சொன்னான். ஊர் வழக்கப்படி மணிக்கட்டில் நூல் கட்டும் சடங்கு நடந்தது. தூர தேசம் போய் வந்தவன் உடம்போடு வந்துவிடுவான், அவன் உயிரின் துண்டுகளான குவான்கள் வழியில் எங்காவது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும். அவற்றைப் பெயர் சொல்லி அழைத்துக் கட்டிப்போட வேண்டும். கூட்டுப் பண்ணைத் தலைவர் தோங்டீ மாமாதான் ஊரில் குவான் அழைப்பவர். வாழையிலைக் கோபுரத்தின் முன் உட்கார்ந்து, வா குவானே, பனியில் நிற்காதே, ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் தங்காதே, சோறு சூடாக இருக்கிறது வா என்று நீட்டி முழக்கி அழைத்தார். ஊரே வரிசையில் வந்து வெள்ளை நூல் கட்டியது. கம்ஸாயின் கை முழங்கை வரை வெளுத்தது. சடங்கு முடிந்ததும் எல்லாரும் எழுந்து நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்கள். பதியன்கள் வடகிழக்கே சாய்ந்திருந்தன.

தோங்டீ மாமா தாடையைச் சொறிந்தார். "மனுஷ ஒடம்புல குவான் முப்பத்திரண்டு. ஒண்ணு அங்கயே தங்கிடுச்சு போல. முப்பத்தொண்ணு வந்துருச்சும்மா. போதாதா?"

"எது தங்குச்சு மாமா?"

"அத நான் எப்படிச் சொல்ல? கூட இருந்து நீயே கண்டுபிடி."

அவள் கண்டுபிடித்தாள். வந்த கம்ஸாய் நல்லவன். கூரையைச் சரிசெய்தான், சொல்லாமலே விறகு பிளந்தான், படுக்கையை எழுந்ததும் ராணுவக்காரன்போல் மடித்து வைத்தான், ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டாமல் கரண்டியால் தின்றான். எருமையைக் குளிப்பாட்டினான். ஆனால் விசிலடிக்கவில்லை. ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். உதட்டைக் குவித்து ஊதினான், காற்றுதான் வந்தது, பல்லைக் குறை சொன்னான். பிம்பாவுக்குத் தெரியும், அது பல் அல்ல. அதற்குப் பிறகு மாலை நேரங்களில் அவள் கொட்டகையிலேயே இருந்தாள். தெளிக்க வேண்டியதைவிட அதிக நேரம் தெளித்தாள். சமையலறையில் சோற்றுக்கூடை மூடியபடி ஆறியது.

லம்யாய் அக்கா ஒருநாள் வேலியைத் தாண்டி வந்து குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லாத. என் மகன் சொங்கிரான் புத்தாண்டுக்கே தைவான்லேர்ந்து திரும்பிட்டான்ல? என் செடி இன்னும் தைவானத்தான் பாக்குது. அவன் கண்ணுல படக்கூடாதுன்னு தினமும் காலையில எழுந்ததும் தொட்டியத் திருப்பி அவன் கட்டிலப் பாத்து வெச்சுடுறேன்."

"அவனுக்குத் தெரியுமாக்கா?"

"நேத்து நான் தூங்கிட்டேன். எழுந்து போனா தொட்டிய அவனே தன் கட்டிலப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கான்."

அன்று மாலை கம்ஸாய் முதல்முறையாகக் கொட்டகைக்குள் வந்தான். வாசலில் நின்று, சாய்ந்திருந்த செடிகளை வெகுநேரம் பார்த்தான். அவை பார்த்த திசையை அவனும் பார்த்தான்.

"எனக்கும் அவன ஞாபகம் இருக்கு புள்ள" என்றான். "நல்லா விசிலடிப்பான்."

பிம்பா தெளிப்பதை நிறுத்தினாள்.

"இல்லாதவன்கூட எனக்குச் சண்டை இல்ல. ஆனா அங்கயும் ஆறு வருசம் தனியாத்தான் தின்னேன். இங்கயும் தனியாத் திங்கப் புடிக்கல. அவ்வளவுதான்." சொல்லிவிட்டுப் போய்ச் சோற்றுக்கூடையின் முன்னால் உட்கார்ந்தான். திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. தாய்ச்செடியின் தலைக்கு மேல் விளக்கை ஏற்றும் நேரம். பிம்பா விசையின் மேல் விரலை வைத்தாள். அந்த வருடங்கள் முழுவதும் ஒரு மாலைகூடத் தவறாத விரல். அதை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கூடையைத் திறந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. இருவரும் கையால் உருட்டிச் சாப்பிட்டார்கள்.

இரவு இவ்வளவு நீளமாகிவிட்டதைத் தாய்ச்செடி முதல்முறையாகத் தெரிந்துகொண்டது. சில வாரங்களில் பூத்தது. விதையில் முளைத்தவற்றில் ஆண் செடி என்று எல்லாரும் பிடுங்கி எறிவதை லம்யாய் அக்கா சோம்பலில் ஒன்றிரண்டு விட்டுவைத்திருந்ததால் மகரந்தம் வேலி தாண்டி வந்து காயும் பிடித்தது. பழுத்து, விதை உதிர்த்து, வாசனை வீட்டையே நிரப்ப, தாய்ச்செடி நின்ற நிலையில் காய்ந்து முடிந்தது. அதை எரித்த சாம்பலைக் கம்ஸாய் சித்தரத்தைப் புதருக்குப் போட்டான். விதைகளை இருவருமாக ஈரத் துணியில் முடிந்து வைத்தார்கள். முளைத்த நாற்றுகளுக்குப் பிம்பா எதுவும் கொடுக்கவில்லை. வித்திலை இரண்டும் தங்களுக்கான சோற்றைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தன. அது தீரும்வரை வெறும் நீர், அதன் பிறகு வாளிக்கு அரைக் கரண்டி. கம்ஸாய் இன்னும் கொஞ்சம் ஊற்றலாமே என்றபோது அவன் கையைத் தட்டிவிட்டாள். நாற்றுகள் எல்லா ஊர் நாற்றுகளையும்போல வெளிச்சத்தைப் பார்த்து நேராக வளர்ந்தன. கம்ஸாய் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் மட்டும் ஒரு நாற்று சந்தைப் பக்கமாக விரல்கடை சாய்ந்திருந்தது. அவன் திரும்பி வந்து சமையலறையில் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்தபோது சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. பிம்பா அதை லம்யாய் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு சட்டம் மறுபடி இறுகியது. நகரத்துக் கடைகள் மூடின. கூட்டுப் பண்ணை மிளகாய்க்கே திரும்பியது, மிளகாய் விலையும் கொஞ்சம் ஏறியது. வீட்டுக்கு ஒன்று இரண்டு செடிகள் சாற்றுக்கென்று நிற்கின்றன. பிம்பாவின் வீட்டில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே, சின்ன விளக்குக்குக் கீழே, தாய்ச்செடியிலிருந்து கடைசியாக வெட்டிய பதியன் ஒன்று இருக்கிறது. பெரிதாகும்போதெல்லாம் நுனியை வெட்டிப் புதிதாக ஊன்றிவிடுகிறாள், அதனால் அதற்கு வயது ஏறுவதில்லை. அது இன்றும் வடகிழக்கே சாய்ந்துதான் நிற்கிறது, விருந்தாளிகள் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. மாலையில் பிம்பா அதன் இலைகளுக்கு நீர் தெளிக்கும்போது, எருமையைக் கட்டிவிட்டுக் கைகால் கழுவ வரும் கம்ஸாய் அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்து, "அவன் சாப்பிட்டானாமா?" என்று கேட்பான். "சாப்பிட்டிருப்பான்" என்பாள் பிம்பா. சற்று நகர்ந்து, அவன் கைகழுவ இடம் விடுவாள்.